எல்லாமே ‘இல்லை’ என்று வந்த தாள்கள்

திலகவதி மிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி, கொட்டகலையில் நான் பஸ்ஸுக்கு நின்றபோது வந்தது. போனில் சொன்ன பழைய மாணவி, “யாரையும் குத்தம் சொல்ல மாட்டாங்க” என்று அழுதாள். எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. என்னையாவது குற்றம் சொல்லியிருக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஆசிரியர் கல்லூரிக்குக் கணினி கற்பிக்க வந்தவர் அவர். நான் விடுதிப் பொறுப்பாளர். கல்லூரிக்கு இன்டர்நெட் வந்த புதிது. மாணவர்கள் அதில் என்னென்ன தவறு செய்கிறார்கள் என்று அளப்பதுதான் அவருடைய முதுகலை ஆய்வு. யாரோ எழுதிய கட்டுரையை இறக்கித் தன் பெயரில் கொடுப்பது, அடுத்தவர் ஈமெயிலைத் திறப்பது என்று முப்பது கேள்விகள். ஆம் அல்லது இல்லை போட்டால் போதும். பெயர் எழுத வேண்டாம்.

ஈமெயிலைத் திறப்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தவறாகவே தெரியாது என்றேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தை வரிசை வீடுகள் எல்லாம் கூடி நின்று வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் சிரிக்கவில்லை. “அதைத்தான் எழுதவேணும். களவையும் பழக்கத்தையும் ஒரே கோலாலை அளக்கேலாது” என்றார்.

தாள்களைக் கொடுத்து வாங்கும் வேலையை என்னை நம்பி விட்டார். நான் மண்டபத்தில் நின்று, “பாத்துப் போடுங்க புள்ளைங்களா, நாளைக்கு நியமனத்துக்கு இடைஞ்சலா போயிறும்” என்றேன். நல்லது செய்வதாக நினைப்பு. தோட்டத்தில் யாராவது தாளை நீட்டி விவரம் கேட்டால், வேலையிலிருந்து பேர் வெட்டத்தான் என்று பயந்தே வளர்ந்த புத்தி.

ஒரு தாள் விடாமல் ‘இல்லை’. மறுபடி கேட்டபோதும் அதேதான். நிர்வாகம் பூரித்துப்போய் அதை விழாவில் வாசிக்கக் கேட்டது. மிஸ் கொடுக்க மறுத்துவிட்டார். ஆய்வு அத்தோடு நின்றது, பட்டமும் போயிற்று. தாள்களை மேசையில் பரப்பிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “பிள்ளையள் பொய் சொல்லேல்லை. அவை பயப்பிடுற மாதிரி நான்தான் கேட்டிட்டன்.”

நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் பல வருடம் ஒரே ஓய்வறையில் உட்கார்ந்திருந்தோம். மண்டபத்தில் நான் பிள்ளைகளிடம் சொன்னதை ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை. இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்களிடம்தான். கேட்கிறவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று மிஸ் தானே நிரப்பிய தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் மூன்று இடத்தில் ‘ஆம்’. எனக்கும் ஒன்று தந்திருந்தார், வெறுமையாகவே வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். நான் செய்தது அந்த முப்பதிலும் இல்லை. அடியில் முப்பத்தோராவதாக அதை எழுதி, ‘ஆம்’ போட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தும் என் பெயரை எழுதினேன்.