கப்பலில் ஒரு பெரட்டு

தேயிலைக் கொழுந்துக் கூடையை ஒரு நாளும் தலையில் மாட்டாதவர் என் சம்பந்தியம்மா. இலங்கையில், நானுஓயாவில் அவர்களுக்குக் கடை. நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். அவருடைய மகன்தான் என் மருமகன், சிங்கப்பூரில் வேலை. போன வருசம் எங்கள் இருவரையும் அங்கே வரவழைத்து, நாலு நாள் உல்லாசக் கப்பலில் கூட்டிப்போனார்.

சாப்பாட்டு மேசையில் எங்களோடு மலேசியத் தமிழர்கள் ஆறு பேர். முதல் நாளே அந்த ஆறு பேரும் சம்பந்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருக்கேன். பின்னால யாரோ கூடையப் பிடிச்சு இழுக்குறாங்க. அட விடுடி, வேலையப் பாருடின்னு திரும்புனா, சிறுத்தைங்க!”

மேசையே குலுங்கியது. எனக்கு வயிறு எரிந்தது. அது என் கதை. அவருக்கு நான்தான் சொன்னேன். என் கூடையை இழுத்தது வெறும் தேயிலைக் கொப்பு. பொய்தான், ஆனாலும் என் பொய்யல்லவா!

அன்று மத்தியானம்தான் சைரன் ஊதி, எல்லாரையும் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தி, ஆபத்து வந்தால் என்ன செய்வதென்று காட்டியிருந்தார்கள். தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன் கூடி நின்று பேர் கொடுக்கும் பெரட்டு மாதிரியே இருந்தது. எனக்குப் புத்தி வேலை செய்தது.

“சம்பந்தி, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மேல்தளத்துல பெரட்டு. பேர் குடுக்காட்டி காலைச் சாப்பாடு இல்லையாம். கொழுந்து எடுத்தவங்களுக்கு நான் சொல்லித்தரவா வேணும்?”

மத்தியானம் சைரனைக் கேட்டிருந்தவர் நம்பிவிட்டார். மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினேன்.

மறுநாள் படிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கொழுந்து எடுக்கப் போகிறவர் மாதிரி தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு சம்பந்தி தனியாக நின்றார். வேடிக்கை பார்க்க ஆறு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. வெட்கப்பட்டு ஓடுவார் என்று நினைத்தேன். எங்கே!

“என்ன இவ்வளவு சுணக்கம்? வரிசையில நில்லுங்க! இன்னைக்கு நான்தான் கங்காணி!”

நின்றார்கள். நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும் சேர்ந்து நின்றார்கள். சம்பந்தி கைப்பையைக் கூடையாக்கித் தோளில் மாட்டி, காற்றில் கொத்துக்கொத்தாகப் பிடுங்கிப் போட்டுக் காட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒளிந்திருந்ததை மறந்து வெளியே பாய்ந்தேன்.

“ஐயோ சம்பந்தி, மாட்டுக்குப் புல்லா புடுங்குறீங்க? கூடைக் கயித்தத் தலையில மாட்டணும்! ரெண்டு இலை, ஒரு மொட்டு!”

பையை வாங்கித் தலையில் மாட்டினேன். பத்து விரலும் தானாக ஓடின. எல்லாரும் கைதட்டினார்கள். தட்டி முடியவில்லை, சம்பந்தி என் தோளில் கை போட்டார்.

“பாத்தீங்களா? எல்லாம் நான் பழக்கிவிட்டது. வந்த புதுசுல இவங்களுக்குக் கூடை மாட்டவே தெரியாது.”

காலைச் சாப்பாட்டுக்கு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். ஆறு பேரும் வந்து சேரும்வரை ஒரு வாய் சாப்பிடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“நானுஓயாவில எங்க கடையில ஒரு நாள் என்ன நடந்துச்சுன்னா...”

சம்பந்தியின் கையில் இட்லி அப்படியே நின்றது.

“யாரு கடையில?”

“குறுக்க பேசாதீங்க சம்பந்தி. நீங்க அப்ப மலையில இருந்தீங்க.”