உயிர்த்த ஞாயிறு முடியட்டும்

அக்காவின் காதலை எங்கள் வீட்டில் முதலில் மோப்பம் பிடித்தவள் நான்தான். முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீட்டுக்கும் அவள் விரும்பிய அண்ணாவின் வீட்டுக்கும் ஒரே மாதா கோயில். ஆனால் கரைவலை இழுக்கிற இடத்துக்காக இரண்டு வீட்டு ஆண்களும் நான் பிறக்க முன்பே முகம் பார்ப்பதை விட்டிருந்தார்கள். அப்படியிருக்க, அக்கா திடீரென்று பூசைக்கு எல்லோருக்கும் முன்னால் வெளிக்கிடத் தொடங்கினாள். அவ்வளவு பக்தி எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

கதை அப்பாவின் காதுக்கு எட்டியதும் வீடு மயானமாகிவிட்டது. அப்பா அக்காவோடு பேசவில்லை, அக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஊர்ப் பெண்கள் மட்டும் வயிறு நிறையக் கதைத்தார்கள். மாதக்கணக்கில் இழுபட்ட பிறகு அப்பாதான் இறங்கி வந்தார்.

"கட்டித் துலையட்டும்," என்றார். அதுதான் அவருடைய ஆசீர்வாதம்.

அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்ததைப் பிறகு நான் பார்க்கவேயில்லை.

பிரச்சினை என்னவென்றால், அப்பாவின் மனம் இளகியபோது தவக்காலம் தொடங்கிவிட்டது. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கோயிலில் கலியாணம் வைக்கமாட்டார்கள். அவசரமென்றால் மணியில்லாமல், பூவில்லாமல், பாட்டில்லாமல் கட்டிவைக்கலாம் என்று சுவாமியார் சொன்னார். அந்த அண்ணாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. சண்டைக் காலம், கடல் நல்லாயில்லை, வள்ளங்கள் நேவிக்குப் பயந்து பயந்துதான் இறங்கின. மீன்வாடியடியில் என்னை மறித்து அக்காவுக்குச் சொல்லியனுப்பினார்.

"கொக்காட்டைச் சொல்லு பிள்ளை, எனக்கு மணியும் வேண்டாம் பூவும் வேண்டாம். நாளைக்கெண்டாலும் நான் ரெடி."

"சரி அத்தான்," என்றேன் நான், வேண்டுமென்றே. அவருக்குக் காது சிவந்துவிட்டது.

அக்கா கேட்டுவிட்டு மாட்டேன் என்றாள்.

"தவக்காலத்திலை ஒளிச்சுக் கட்டினால் சனம் என்ன சொல்லும்? வயித்திலை பிள்ளை, அதுதான் அந்தரப்படுறாள் எண்டு சொல்லும். பிறகு விரலை மடிச்சு மாதம் எண்ணும். அப்பா இவ்வளவு இறங்கி வந்தவர். அவரை நான் தலைகுனிய வைக்கமாட்டன். உயிர்த்த ஞாயிறு முடியட்டும், மணி அடிச்சு எல்லாருக்கும் முன்னாலை கட்டுறன்."

எங்கள் கரையில் பிறந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நானும் சொல்லியிருப்பேன். அந்த விரல்களுக்குப் பயந்துதான் நாங்கள் வளர்ந்தோம். அந்த விரல்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

குருத்தோலை ஞாயிறு முடிந்து, உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு கிழமைகூட இல்லாதபோது, அந்த அண்ணாவின் வள்ளம் கடலுக்குப் போனது, திரும்பவில்லை. சூட்டுச் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வள்ளத்தார் சொன்னார்கள். உடல்கூடக் கரையொதுங்கவில்லை. சவப்பெட்டி இல்லாமலே பூசை வைத்தார்கள். அக்கா கறுப்புச் சேலையை எடுத்தபோது அம்மா அதைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா.

"நீ ஆரெண்டு கறுப்புக் கட்டப்போறாய்? நாளைக்கு உன்னை ஆர் கட்டுறது?"

அந்தப் பூசையில் அக்கா நீலப் பூப்போட்ட சட்டையோடு கடைசி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்தாள். முன்னால் அவருடைய தங்கைமார் வாய்விட்டு அழுதார்கள். அக்கா அழவில்லை. அழுவதற்கும் ஒரு உரிமை வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிறகு சண்டை நெருங்கிவர, கரையை விட்டு ஓடினோம். மல்லாவியில் கொட்டில் போட்டு இருந்த காலத்தில், அப்பாவும் கண்ணை மூடிய பிறகு, அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சைக்கிள் திருத்துகிற மனிதர், எங்களைப் போலவே இடம்பெயர்ந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். அக்கா ஓம் என்றாள். அதுவும் தவக்காலமாக இருந்தது. உயிர்த்த ஞாயிறு முடியப் பார்ப்போம் என்று அம்மா வாயெடுத்தா.

"இல்லை அம்மா. இப்பவே வையுங்கோ. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நான் இனிக் காத்திருக்கமாட்டன்."

"சனம் கதைக்குமடி."

"கதைக்கட்டும். இருந்து எண்ணட்டும்."

கிடுகு வேய்ந்த கோயிலில், புனிதர்களின் சுருவங்களை ஊதாத் துணியால் மூடியிருந்த நாளில், மணியில்லாமல், பூவில்லாமல் அக்கா தாலி வாங்கினாள். சுவாமியார் சம்மதம் கேட்டபோது அவளுடைய குரல் தெளிவாக இருந்தது. அழுதுகொண்டு நின்றவள் நான்தான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைக்கச் சொல்லிச் சாடை காட்டினாள்.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு காலையில் மல்லாவிக் கோயில் மணி விடாமல் அடித்தது. பூசைக்கு அக்காவைக் காணவில்லை. பூசை முடிந்து அவளுடைய கொட்டிலுக்குப் போனேன். வாசலில், ரியூப்பில்லாத ஒரு சைக்கிள் சில்லைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற மனிதர்.

"தங்கச்சி, மணி அடிக்கத் துடங்கினதிலையிருந்து கொக்கா அழுகிறா. நான் ஏதும் பிழை விட்டிட்டனோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

உள்ளேயிருந்து அக்காவின் அழுகை கேட்டது. அத்தனை வருடத்துக்குப் பிறகு, வாய்விட்டு.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை, அத்தான்," என்றேன்.