மாட்டுங்காவிலிருந்து சயானுக்குத் திரும்பிய தட்டு

எங்கள் சந்தில் எங்கள் வீட்டுக்கு 'டிவி வீடு' என்று பெயர். தாராவியில் டிவி இல்லாத வீடு ஏது? எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் கேபிள்காரர் கொடுத்ததெல்லாம் இந்தியும் மராத்தியும்தான். மாசாமாசம் காசு கட்டி, கூரை மேல் டிஷ் தட்டு வைத்துத் தமிழ் சேனல் பார்த்தது நாங்கள் மட்டும். சாயங்காலம் ஏழரைக்கு சீரியல் என்றால் ஏழு மணிக்கே எங்கள் வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். சந்துப் பெண்களெல்லாம் பத்துக்குப் பதினைந்து அடி அறையில் தோளோடு தோள் ஒட்டி உட்காருவார்கள். ரிமோட் என் கையில். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒருத்திக்கு அதைவிட என்ன அதிகாரம் வேண்டும்? வாயை மூடச் சொன்னால் பெரியவர்களே மூடினார்கள்.

அப்படி இருந்த வீட்டை அம்மா ஒரே வார்த்தையில் கவிழ்த்தாள். அடுத்த மாசக் காசைக் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"சீரியலா அது? ஒரே அழுவாச்சி. நமக்கு வேண்டாம்."

அப்பா பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். பெண்டாட்டி சிக்கனமாகிவிட்டாள் என்று அவருக்கு மெத்த சந்தோஷம். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரே வாரத்தில் முக்கு வீட்டு அத்தை தன் கூரையில் புதுத் தட்டு ஒன்றை ஏற்றினாள். சொந்த அத்தை இல்லை. சந்தில் எல்லாரும் உறவுதான். வாசலில் குவிந்த செருப்புகள் அப்படியே இடம் மாறி அவள் வாசலில் போய்க் கிடந்தன. நான் அங்கே போனால் கதவோரம்தான் இடம். ரிமோட்டை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள், ராட்சசி.

எனக்காவது பரவாயில்லை. அம்மாவை நினைத்தால்தான் நெஞ்சு பொறுக்கவில்லை. ஏழரை மணிக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டு டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, என் மராத்திப் பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வாள். வரிக்கு அடியில் விரல் ஊரும், உதடு அசையும். இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று நடுநடுவே என்னைக் கேட்பாள். சந்துக்கே சீரியல் காட்டிய மனுஷி, பொழுது போகாமல் மூன்றாம் வகுப்புப் பாடம் படிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டாளே என்று எனக்குப் பாவமாக இருக்கும். குக்கரை இறக்க எழுந்தால், விட்ட இடத்தில் எரிந்துபோன தீக்குச்சி ஒன்றை அடையாளம் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த நாட்களில் ஒருநாள் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பூ வாங்கப் போனோம். எங்கள் ஊர் பஸ்ஸில் முன்பக்கம் நம்பர் மராத்தியில்தான் எழுதியிருக்கும். எப்போதும் பக்கத்தில் நிற்கிறவர்களை அம்மா கேட்டுக் கேட்டுத்தான் ஏறுவாள். அன்றைக்கு, பஸ் திரும்பும்போதே நம்பரைச் சரியாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். குத்துமதிப்பாக அடித்துவிட்டது சரியாக வந்துவிட்டது என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அம்மாவை இந்தக் கதியிலிருந்து மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன். ராத்திரியும் பகலும் அப்பாவை நச்சரித்தேன். கடைசியில் பட்டறையில் கூட வேலை பார்க்கிறவர் டிவியோடு மாட்டுகிற பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மாசக் காசே கிடையாது, அரசாங்க சேனல்களெல்லாம் வரும், தமிழிலும் ஒன்று வரும், கூரையில் கிடக்கிற பழைய தட்டே போதும், கொஞ்சம் திருப்பினால் சரி என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மாவுக்குப் பெட்டியைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. "தட்டு சும்மாதான கெடக்கு, கெடக்கட்டுமே. எதுக்கு இப்ப இது?" என்றாள். நமக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாள் பார் என்று எனக்கு இன்னும் வைராக்கியம் கூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கூரை ஏறினார். தகரம் காற்றில் பறக்காமலிருக்க வைத்த கல்லுக்கும் பழைய டயருக்கும் நடுவில் கால் வைக்க இடம் தேடி, ஒரு வழியாகத் தட்டைப் பிடித்தார். நான் கீழே டிவி முன்னால்.

"இப்ப மாட்டுங்கா பக்கமா பாத்து நிக்கி. எங்குட்டுத் திருப்ப?"

"சயான் பக்கம்ப்பா! மெதுவா!"

"வந்துட்டா?"

"வரல... வருது... ஐயோ, போயிட்டு! ரொம்பத் திருப்பிட்டீங்க, செம்பூருக்கே போயிட்டீங்க!"

ஒரு மணி நேரம் இந்தக் கூத்து. சந்தில் போகிற வருகிறவர்களெல்லாம் நின்று ஆளுக்கொரு ஸ்டேஷன் பெயரைச் சொல்லி வழிகாட்டினார்கள். திடீரென்று திரையில் ஒருவர் தோன்றி வணக்கம் சொன்னார். நான் போட்ட கூச்சலில் அப்பா கூரையிலிருந்து விழாதது அவர் பூர்வஜென்ம புண்ணியம்.

அன்றைக்கு மத்தியானம் இந்தியா ஆடுகிற பெரிய இருபது ஓவர் மேட்ச். சந்தே முக்கு வீட்டில் கூடியிருந்தது. விளையாட்டு சேனலுக்குத் தனிக் காசு. அதை ஒருவரும் கட்டியிருக்கவில்லை. அரசாங்க சேனலில் போடுவார்கள் என்று அத்தை தைரியம் சொல்லியிருந்தாள். போட்டார்கள்தான். ஆனால் காசு கட்டுகிற பெட்டிகளில் அதே சேனலில் மேட்சை மறைத்து வேறு ஏதாவது ஓட்டுவார்கள். கட்டாத பெட்டியில்தான் மேட்ச் வரும். அது அவளுக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியாது. அவள் வீட்டில் ஒரு டாக்டர் எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் டாஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். முக்கு வீட்டு வாசலில் நின்று, மூச்சு வாங்க, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "எங்க வீட்ல மேட்ச் வருது! சும்மாவே வருது!"

அடேயப்பா, அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்ல! ஆணும் பெண்ணும் குஞ்சும் குளுவானுமாக மொத்தக் கூட்டமும் எங்கள் வாசலில். உள்ளே இடமில்லாமல் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள், எதிர்வீட்டு மாடி ஏணியில் படிக்கு இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். கடைசி ஓவரில் ஜெயித்தபோது எங்கள் தகரக் கூரை அதிர்ந்த அதிர்வில் தட்டு திரும்பிவிடுமோ என்று பயந்தேன். திரும்பவில்லை. முக்கு வீட்டு அத்தை என் வீட்டுத் தரையில், கதவோரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தவள் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"எம்மருமவளே, நீ கெட்டிக்காரிட்டி!" என்றவள் அம்மா பக்கம் திரும்பினாள். "துட்டு கட்டுனவளுக்கு எரும மாடு, கட்டாதவளுக்கு மேட்சா மைனி? இன்னையோட நானும் நிறுத்திருதேன். சாயங்காலம் இங்கயே வந்துருதேன். தமிழு வருதுல்லா?"

"தெனமும் வரும் அத்தை! ஏழரைக்கு நாடகம் உண்டு!" பதில் சொன்னது அம்மா இல்லை, நான்தான்.

அம்மா அடுப்படியில் நின்று டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்பும் தினமும் அதைத்தான் செய்வாள், வந்தவர்களுக்கெல்லாம் டீ. டிவி வீடு என்றால் டீ இல்லாமல் அனுப்ப முடியுமா? சீரியலில் அவள் என்ன பார்த்தாள் என்று எனக்கு ஞாபகமே இல்லை, அவள் உட்கார்ந்ததே இல்லை. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என் தலையில் கை வைத்தாள்.

"ஜெயிச்சுட்டட்டி," என்றாள். "போ, சீனி டப்பாவ எடு."

அவ்வளவு பெரிய பாராட்டை அதற்கு முன் யாரும் எனக்குத் தந்ததில்லை. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கே வாசலில் செருப்புகள் குவிந்தன. மறுநாளும், அதற்கு மறுநாளும். சந்தில் எங்கள் வீடு மறுபடி டிவி வீடு. நான் ரிமோட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன். உலகத்தையே ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் மராத்தி டீச்சர் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். ஏழாம் பாடத்தில் எரிந்த தீக்குச்சி இருந்தது. அம்மா ஆறு பாடம் முடித்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இது ஏது குப்பை என்று ஜன்னல் வழியாக வெளியே வீசிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் மேட்ச் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.