தொண்ணூற்றெட்டு டிகிரி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து வந்த முதல் ஆள் நான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். கரிக்கலாம்பாக்கத்தில் அம்மா நாற்று நட்ட வயல்களில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். அந்த மனைகளில் இன்னும் கட்டாத வீடுகளுக்குள் நடந்து போவதுபோலக் கம்ப்யூட்டரில் வீடியோ செய்வதுதான் நான் கற்ற வேலை.

சென்ற மே மாதம் பாண்டியில் ஒரு நிறுவனம் எனக்குச் சோதனை வேலை கொடுத்தது. சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடியோ போய்ச் சேர்ந்தால், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை எனக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கும் ஆளுக்கு.

அதற்கு முந்தைய வாரம்தான் பாகம் பாகமாக வாங்கி வந்து கம்ப்யூட்டரைப் பூட்டியிருந்தேன். "நானே மாட்டித் தந்துடட்டாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். "நான் படிச்சிருக்கேண்ணே" என்றேன். அவர் பாகங்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

திரையின் மூலையில் இரண்டு எண்கள் தெரியும்படி வைத்திருந்தேன். மேலே இருப்பது பிராசஸரின் சூடு, கீழே கிராபிக்ஸ் கார்டின் சூடு. ஒரு வாரமாகவே, சும்மா பாட்டுப் போட்டால்கூட மேல் எண் எழுபதைத் தொட்டது. வெயில் என்று விட்டுவிட்டேன்.

கெடு நாளன்று காலை ஒன்பது மணிக்கு, நான் வரைந்து வைத்ததையெல்லாம் கம்ப்யூட்டர் வீடியோவாக மாற்றட்டும் என்று ஓடவிட்டேன்; முடிய ஐந்து மணி நேரமாவது ஆகும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அதனால் கண்காணிப்பு வேலையை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

"எண்பது தாண்டிச்சிடீ!" என்று கத்தினாள். கொஞ்ச நேரத்தில், "தொண்ணூத்தெட்டு!"

நான் ஈரத் தலையோடு ஓடிவந்தேன்.

"இன்னாத்துக்கு இப்டி ஓடியார? தொண்ணூத்தெட்டுன்னா நல்லாத்தான இருக்குது? நர்சம்மா எனக்குப் பாத்தப்ப, காச்சலே இல்லன்னாங்க."

"அது வேற டிகிரிம்மா! இது கொதிக்கிற தண்ணி மாதிரி!"

சொல்லி முடிப்பதற்குள் திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிட்டது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். டேபிள் ஃபேனை இழுத்து வந்து நேராக வைத்தேன். மறுபடி தொண்ணூற்றெட்டு, மறுபடி கறுப்பு. லோடு ஆட்டோ ஓட்டும் அப்பா சாப்பிட வந்தவர், துண்டை நனைத்துப் பெட்டியின்மேல் போர்த்தினார். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"கரண்ட்டுப்பா இது! உன் ஆட்டோ இல்ல!"

"சூடு சூடுதாம்மா" என்று துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது முறை அணைந்தபோது மணி பன்னிரண்டு. "மே மாசத்துல, இந்த ஆஸ்பெஸ்டாஸ் வூட்டுல எந்த மிஷினும் ஓடாது" என்று வீட்டைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டீ, ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ளதான கீது? கீழ இருக்கறது அறுபத்தஞ்சைத் தாண்டவேயில்ல. வெயிலுன்னா ரெண்டுக்கும்தான அடிக்கும்? மேல இருக்கறதுக்கு மட்டும் இன்னா கொள்ளை?"

கிராபிக்ஸ் கார்டு கம்பெனியிலேயே முழுதாகப் பூட்டி வந்தது. பிராசஸரின்மேல் அதைக் குளிரவைக்கும் கூலரை மாட்டியது நான்.

கூலரைக் கழற்றித் திருப்பினேன். அதன் அடியில், பிராசஸரைத் தொட வேண்டிய செம்புப் பரப்பில், மெல்லிய பிளாஸ்டிக் தாள் பளபளவென்று ஒட்டியிருந்தது.

எங்கள் வீட்டில் புதுப் பொருளின் உறையை யாரும் உரிப்பதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது, பைக் சீட்டில் இருக்கிறது, டிவி ரிமோட்டில் இருக்கிறது. உரித்தால் பழசாகிவிடும். கூலரை மாட்டிய அன்று அந்தத் தாளை நான் பார்த்தேன், அதில் கீறல் விழாமல் கவனமாகவும் பிடித்தேன். உரிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "அதுல இங்கிலீஷ்ல ஏதோ எழுதிக்கீதே. இன்னா அது?"

அந்த வீட்டில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான். வேறு வழியில்லாமல் படித்தேன். "மாட்டறதுக்கு முன்னாடி இதை உரிச்சிடணும்."

"ஓ" என்றார் அப்பா. அந்த ஒரு எழுத்தை அவர் அவ்வளவு நேரம் இழுத்திருக்க வேண்டாம்.

"வெயிலைத் திட்டுனியே, பாவம்" என்றாள் அம்மா.

தாளை உரித்தேன். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தத் தடவியிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, குழாயில் மிச்சமிருந்ததைத் தடவிக் கூலரைப் பூட்டினேன். ஒரு மணிக்கு மீண்டும் ஓடவிட்டேன். அம்மா ஸ்டூலைப் போட்டு முன்னால் உட்கார்ந்தாள். அறுபது. அறுபத்தெட்டு. எழுபத்திரண்டில் நின்றது. கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில், பக்கத்து வீட்டில் கிரைண்டர் போட இருந்த அத்தையை வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே அதட்டினாள். "பொண்ணுக்கு வேலை ஆவணும்! மாவு நாளைக்கு அரை!"

ஐந்து நாற்பதுக்கு வீடியோ முடிந்தது. ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏழு மணிக்கு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். திங்கட்கிழமை முதல் வேலை. கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள்.

"வெயில் காலம். வீட்டு சிஸ்டம் தாங்குமாம்மா?"

"தாங்கும் சார்" என்றேன். "எல்லாம் நானே மாட்டினது."

அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.