சறுக்கு சடையப்பன் மரம் ஏறிய கதை

காசு கொடுத்துச் சிரிக்கிறவன் பட்டணத்துக்காரன். மேல்தாங்கல்காரனுக்கு அந்தத் தலையெழுத்து என்றைக்கும் கிடையாது. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, ஆரணி போகிற சாலையில் மேற்கே நடந்து, ஆற்றுப் பக்கம் திரும்பினால் வருகிற ஊர் அது. எழுபதுகள் பிறந்த சமயம். பட்டணத்து ஜனம் சர்க்கஸ், சினிமா, பொருட்காட்சி என்று டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருக்க, மேல்தாங்கலில் கிருஷ்ண ஜயந்தி உறியடி அன்றைக்கு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அதற்கு ஆகிற செலவு என்ன? தோலுரித்த சவுக்கு மரம் ஒன்று. அதில் பூச விளக்கெண்ணெய், உளுந்து மாவு, சோற்றுக் கற்றாழைச் சாறு. உச்சியில் ஒரு குறுக்குக் கட்டை, அதில் முறுக்கும் சீடையும் வாழைச்சீப்பும் தொங்கும். நடுவில் மஞ்சள் துணி மூட்டை, அதற்குள் ஒரு சோடி வேட்டி. இவ்வளவுதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள்கூட அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார்கள்.

அந்தச் சிரிப்பில் பாதி, சடையப்பன் போட்ட பிச்சை.

சடையப்பனுக்கு ஏரிக்குக் கீழே நல்ல நஞ்சை இருந்தது. உடம்பு கொஞ்சம் கனம், வயிறு அதைவிடக் கனம். அவன் தாத்தா பஜனைக் கோயிலுக்கு மனை கொடுத்தவர். அதற்கு நன்றியாக ஊர் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பாத்தியதை கொடுத்திருந்தது. உறியடி அன்று தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, மேளம் கொட்டி, வழுக்கு மரத்தில் முதலில் ஏற அவர்களைத்தான் அழைப்பார்கள். அதற்கு 'முதல் கை' என்று பேர். ஆளுக்கு ஒரே தடவைதான் ஏறலாம், கையால் மண்ணைத் தொடக் கூடாது என்பது சட்டம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அப்போதுதான் பூசிய எண்ணெய் வழிய வழிய நிற்கிற மரத்தில் முதலில் ஏறுகிறவன் கதி என்ன? சடையப்பன் மரத்தைக் கட்டிப் பிடிப்பான், இரண்டு முழம் ஏறுவான், சர்ரென்று வந்து சேற்றில் உட்காருவான். ஊர் கொல்லென்று சிரிக்கும். அதன் பிறகு ஒவ்வொருவனாக ஏறி, ஏறி, எண்ணெயையெல்லாம் நெஞ்சிலும் தொடையிலும் துடைத்துக்கொண்டு இறங்குவான். கடைசியில் மரம் காய்ந்து கிடக்கும்போது சடையப்பனுடைய பெரியப்பா மகன் வீரராகவன் நிதானமாக மேல்துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு ஏறி மூட்டையை அவிழ்த்துக்கொண்டு வருவான். வருஷா வருஷம் இதே கதைதான்.

கடைசியில் ஏறுகிறவனுக்குத்தான் மூட்டை என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். சடையப்பனுக்குத் தெரியாதா? தெரிந்து என்ன செய்ய, மரியாதையாயிற்றே! விட்டுக்கொடுக்க முடியுமா? அதிலும் வீரராகவன் வீட்டார், "மூத்தவன் ஊடு நாங்க, முதல் கை எங்களுக்குத்தான் வரணும்" என்று இரண்டு தலைமுறையாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீம்பிலேயே சடையப்பன் இருபது வருஷம் சறுக்கினான். 'சறுக்கு சடையப்பன்' என்பது பேராகவே ஒட்டிக்கொண்டது.

சறுக்குவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. அவனைக் குத்தியது வேறு. மகள் சம்பூர்ணத்துக்குத் திருவாலங்காட்டில் வரன் பேசப் போயிருந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா துலுக்காணம் வெற்றிலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

"மேல்தாங்கல் சடையப்பன்னா... அந்தச் சறுக்கு சடையப்பனா?"

மனிதர் விகல்பமாகக் கேட்கவில்லை. சம்பந்தம்கூட அன்றைக்கே முடிவாகி, ஐப்பசியில் கல்யாணம் என்றும் பேசியாகிவிட்டது. ஆனால் ஊர் தாண்டி, ரயில் ஏறி, திருவாலங்காடு வரைக்கும் தன் பேர் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று சடையப்பனுக்கு வயிறு எரிந்தது. வீடு வந்து சேர்ந்தும் சோறு இறங்கவில்லை.

அவன் பெண்சாதி முத்தம்மாள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, நான் ஒன்னு சொல்றேன், கோச்சிக்காதீங்க. அந்த முதல் கைக்கு உங்க அண்ணன் ஊட்டுக்காரங்க எத்தினி வருசமா சண்ட போடறாங்க?"

"எங்க நைனா காலத்துலேர்ந்து."

"குடுத்துடுங்களேன்."

சடையப்பன் துள்ளி எழுந்தான். "இன்னா பேசற நீ? நைனா சாவறப்ப இன்னா சொன்னாரு? நெலமே போனாலும் முதல் கை அந்த ஊட்டுக்குப் போவக் கூடாதுன்னாரு!"

"சொன்னாரு. அவரும்தான் சறுக்கினாரு. அவங்க நைனாவும் சறுக்கினாரு. மூணு தலமொறையா சேத்துல உக்காந்துக்கினே இருக்கறதுக்குப் பேரு மரியாதயா? அவங்க கேக்கறத அவங்க கழுத்துல மாட்டி வுடுங்க. நீங்க கடைசியா ஏறுங்க."

சடையப்பன் மறுபடி உட்கார்ந்தான்.

"குடுத்துட்டு, அப்பவும் நான் சறுக்கிட்டா? பறக்கறதுக்கு ஆசப்பட்டு இருக்கறதையும் வுட்டான்னு ஊரு சிரிக்காதா?"

"இப்ப மட்டும் ஊரு அழுதுக்கினா இருக்குது?" என்றாள் முத்தம்மாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஐப்பசி வந்தா நீங்க மாமனாரு. மாப்ள எதிர்ல கோவணத்த கட்டிக்கினு மரத்த கட்டிப் பிடிப்பீங்களா? இந்த வருசம் வுட்டா வுட்டதுதான்."

சடையப்பன் ஏரிக்கரை மேல் தனியாகப் பேசிக்கொண்டே அலைந்தான். கொடுத்த மரியாதை திரும்பி வராது, அது நிச்சயம். அப்பன் பாட்டன் காத்ததைத் தொலைத்தவன் என்ற பேரும் 'சறுக்கு' என்ற பேரும் சேர்ந்து விழுந்தால் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. யோசித்து யோசித்துத் தலை கனத்ததுதான் மிச்சம்.

உறியடி நாளும் வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. பஜனைக் கோயில் எதிரே மரம் பளபளவென்று நின்றது. பொம்பளைகள் ஒரு பக்கம், ஆம்பிளைகள் ஒரு பக்கம், நண்டு சிண்டெல்லாம் மஞ்சத் தண்ணிக் குடத்தோடு நடுவில். போதாக்குறைக்கு, 'சம்பந்தி ஊர்த் திருவிழாவாச்சே' என்று துலுக்காணமும் திருவாலங்காட்டிலிருந்து புறப்பட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் சடையப்பன் பின்வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

கோயில் காரியம் பார்க்கிற பெரியவர் ரங்கசாமி பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு, "வாப்பா சடையப்பா, முதல் கை வெய்யி" என்றார்.

சடையப்பன் எழுந்து வந்தான். கும்பிட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பெரியவரே, சபையில ஒரு வார்த்த. எங்க அண்ணன் வீரராகவன் மூத்தவன் ஊடு. நியாயமா முதல் கை அவருக்குத்தான். இத்தினி நாளா நாங்க வெச்சிக்கினு இருந்தது தப்பு. இன்னியிலேர்ந்து அவர் வம்சத்துக்கே உட்டுக் குடுக்கறேன்."

கொட்டிக்கொண்டிருந்த மேளம் நின்றது. வீரராகவன் பெண்சாதி கனகாம்பாள், "ஐயோ, எங்க மாமனாரு இத பாக்க இல்லாம போயிட்டாரே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீரராகவனுக்கும் கண் கலங்கிவிட்டது. ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டான். ரங்கசாமி பரிவட்டம் கட்டினார். மாலை விழுந்தது. மேளம் மறுபடி முழங்கியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மரத்தடிக்கு வந்து நின்ற பிறகுதான் வீரராகவன் அண்ணாந்து பார்த்தான். மேலிருந்து கீழ்வரை எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பித் தம்பியைப் பார்த்தான். சடையப்பன் பவ்யமாகக் கைகட்டிக்கொண்டு நின்றான்.

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இரண்டு தலைமுறையாகக் கேட்ட வரம்! வீரராகவன் மரத்தைக் கட்டிப் பிடித்தான். ஒரு முழம் ஏறியிருப்பான். மாலையும் மனுஷனுமாகச் சர்ரென்று வந்து சேற்றில் உட்கார்ந்தான்.

அட, அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்ல! ஊர் இருபது வருஷம் சிரித்ததெல்லாம் ஒத்திகை போல ஆகிவிட்டது. ரங்கசாமி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

"அடப்பாவி சடையா! மோசம் பண்ணிட்டியேடா!" என்று கத்திய வீரராகவனுக்கே பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொருவனாக ஏறினான், ஒவ்வொருவனாகச் சறுக்கினான். கம்பெனி வேலைக்குப் போகிற யேசுதாஸ் மட்டும் விறுவிறுவென்று போய்விட்டான். மூட்டைக்கு ஒரு கை தூரம்தான். சடையப்பனுக்கு உயிரே போய்விட்டது. மரியாதையும் போச்சு, மூட்டையும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டான். நல்லவேளை, யேசுதாஸுக்குக் கூட்டாளிகளைப் பார்த்துக் கையாட்ட ஆசை வந்தது. ஆட்டினான். ஆட்டிய வேகத்தில் கீழே வந்தான்.

கடைசியாகச் சடையப்பன் வந்தான். வேட்டியை அவிழ்த்துவிட்டு, கோவணத்தை இறுக்கிக்கொண்டு, தொப்பையை மரத்தோடு சேர்த்து அணைத்தான். கூட்டம் பழக்கதோஷத்தில், "சறுக்கு! சறுக்கு!" என்று தாளம் போட்டது. பிள்ளைகள் மஞ்சத் தண்ணியை வீசியடித்தார்கள். அவன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு முழம், இரண்டு முழம், வழக்கமாக விழுகிற இடம் தாண்டியாயிற்று. கால் இரண்டும் மரத்தைக் கவ்வின. பாதி மரம் போனபோது தாளம் தானாக நின்று, ஜனம் எழுந்து நின்றது. கீழே பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

மூட்டை கைக்கு எட்டும் போலிருந்தது. அங்கேதான் வந்தது வினை. அந்த உயரத்துக்கு யேசுதாஸைத் தவிர ஒருத்தனும் வரவில்லை. அதற்கு மேலே பூசிய எண்ணெய் பூசியபடியே இருந்தது. சடையப்பன் கை வழுக்கியது. ஒரு சாண் இறங்கினான். இன்னொரு சாண். "போச்சு! போச்சு!" என்றது கூட்டம். மாமனாராகப் போகிறவன், சம்பந்தி பார்க்க, இந்த வயசில், இந்த உயரத்திலிருந்தா விழ வேண்டும் என்று அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

அப்போது பொம்பளைகள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"வுடாத சடையப்பா! ஏறு!"

முத்தம்மாள்!

கட்டிக்கொண்ட நாளாக ஒருதரம்கூடப் புருஷன் பேரைச் சொல்லாதவள். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் கேட்டதற்குக்கூட, "சிவன் தலையில இன்னா இருக்குது? அதான்" என்று சொல்லி, அந்தப் புண்ணியவானைச் 'சந்திரன்' என்று எழுத வைத்தவள். அவள் ஊர்ச் சபையில், நட்ட நடுப்பகலில், தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஏறு சடையப்பா! இன்னும் கொஞ்சம்தான் சடையப்பா!"

மேளக்காரன் குச்சியைத் தூக்கியபடி நின்றுவிட்டான். பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மரத்தின் மேலே சடையப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் பேர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நகத்தை மரத்தில் ஊன்றினான். முழங்காலை மடக்கினான். வழுக்கிய இரண்டு சாணையும் திரும்பப் பிடித்தான். ஒரு உந்து, இன்னொரு உந்து. குறுக்குக் கட்டை கையில் சிக்கியது!

ஆரவாரம் ஆரணி வரைக்கும் கேட்டிருக்கும். மூட்டையை அவிழ்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். முறுக்கையும் சீடையையும் பிய்த்துப் பிய்த்துக் கூட்டத்தின் மேல் எறிந்தான். பச்சைப் பசேலென்று வயலும் அதற்கப்பால் ஆறும் கவரைப்பேட்டையில் புகை விட்டுக்கொண்டு நின்ற ரயிலும் அவனுக்குத் தெரிந்தன.

"எறங்குப்பா, போதும்!" என்றார் ரங்கசாமி.

"இருங்க பெரியவரே, இப்பதான வந்தேன்!" என்றான் சடையப்பன் மேலிருந்து.

கீழே துலுக்காணம் யார் எவர் என்று பார்க்காமல் தோளைத் தட்டித் தட்டி, "எங்க சம்பந்தி! பாத்தியா, எங்க சம்பந்தி!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காய்ந்த சேறும் கசங்கிய மாலையுமாக நின்ற வீரராகவன், "எங்க சித்தப்பா புள்ள!" என்று பதிலுக்குப் பெருமையடித்தான். ரத்தம் என்றால் சும்மாவா!

சடையப்பன் இறங்கி வந்தபோது முத்தம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கூட்டத்துக்குள் ஒளியப் பார்த்தாள். கனகாம்பாள் விடவில்லை. கையைப் பிடித்து நடுவில் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

ரங்கசாமி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "புருசன் பேர சபையில சொன்னா தப்பு. கோயில் வெளக்குக்கு ஒரு படி எண்ண அபராதம்."

முத்தம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. எண்ணெயும் சேறும் மஞ்சத் தண்ணியும் வழிய, மூச்சு வாங்க நின்ற சடையப்பன் இரண்டு கையையும் கூப்பினான்.

"ரெண்டு படியா குடுத்துடறேன் பெரியவரே. இன்னொருவாட்டி சொல்லச் சொல்லுங்க."

முத்தம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"சடையப்பா" என்றாள்.