அனுசியாவுக்கு வந்த கார்டு

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே காசிராஜனுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. திருச்சுழி போகிற ரோட்டில் மூன்று ஏக்கர் கரிசல் நிலம். மழை பெய்தால் கொத்தமல்லியும் பருத்தியும் வரும். பொய்த்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அவருடைய மனைவி முத்துமாரியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தே இது போன வருஷத்து உளுந்து, இது புதுசு என்று சொல்லிவிடுவாள். இருவருக்கும் ஒரே மகள், அனுசியா.

பிள்ளைக்குப் படிப்பு நன்றாக வந்தது. மருந்துச் சீட்டு, கோர்ட்டுக் காகிதம், வெளிநாட்டுக் கடிதம் என்று தெருவில் யாருக்கு எது வந்தாலும் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அனுசியா படித்துச் சொல்வாள். முத்துமாரி பக்கத்தில் நின்று வந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன் வயிற்றில் பிறந்தது வாய் திறந்து சொல்ல, ஊர் தலையாட்டிக் கேட்கிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் பூரித்துப் போகும்.

1983ஆம் வருஷம் அனுசியா ப்ளஸ் டூ முடித்தாள். அருப்புக்கோட்டையில் பெண்கள் கல்லூரி ஒன்று இருந்தது. கூடப் படித்த முத்துப்பேச்சியோடு போய் விண்ணப்பம் வாங்கி வந்தாள். காசிராஜனும் மறுப்பேதும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து போஸ்ட்மேன் சைக்கிள் கடை வாசலில் நின்றால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அப்பாவிடம் கேட்பாள்.

"எனக்கு ஏதும் வந்திருக்காப்பா?"

"வரலையேம்மா."

ஆனி மாதம் முழுக்க இதே கேள்வி, இதே பதில். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த காசிராஜன் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "காலேஜுல விசாரிச்சுட்டேன். மார்க்கு பத்தலையாம்."

"சரிப்பா" என்றாள் அனுசியா. கொல்லைப்புறம் போய், காலையில் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் ஒவ்வொன்றாகக் கழுவினாள். முத்துமாரி பார்த்தாள். பக்கத்தில் போய் உட்காரலாமா என்று நினைத்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. காரியாபட்டியில் பாத்திரக் கடை வைத்திருந்த மாரிச்செல்வம் மாப்பிள்ளை. தங்கமான பையன். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அனுசியா அனுசியாவாக இல்லை. பேங்கில் பாரம் நிரப்பச் சொன்னால் புருஷன் கையில் கொடுத்துவிடுவாள். கடிதாசி படிக்கச் சொல்லி யாராவது வந்தால், "எனக்குச் சரியா வராதுக்கா, வேற யாருக்கிட்டயாச்சும் காட்டுங்க" என்பாள். ஒருமுறை தாய் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகையில், பஸ்ஸின் நெற்றியில் காரியாபட்டி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்க, பக்கத்தில் நின்ற கிழவரிடம் கேட்டாள்: "ஐயா, இது காரியாபட்டி போகுமா?"

வழியனுப்ப வந்திருந்த முத்துமாரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, போர்டுதான் போட்டிருக்குல்ல? உனக்கா படிக்கத் தெரியாது?"

"படிச்சேன்மா. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமேன்னுதான். நமக்குத்தான் மூளை மட்டுன்னு தெரிஞ்சுபோச்சே" என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள்.

1989 மாசியில் அவளுக்கு மஞ்சள்காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். உப்பில்லாப் பத்தியம் வைத்தார்கள். கண் தெளியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனபோது நினைவு தப்பியிருந்தது. நாலாம் நாள் போய்விட்டாள். வயது இருபத்து மூன்று. பிள்ளை குட்டி இல்லை. இரண்டு வருஷம் கழித்து மாரிச்செல்வம் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அதற்கு முன்னால் வந்து மாமியார் காலில் விழுந்து கேட்டுவிட்டுத்தான் செய்தான்.

1992 தை மாதம் காசிராஜனுக்கு நெஞ்சுவலி வந்து தேறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேச்செடுத்தார்.

"மாரி, ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். என் காலத்துக்குப் பெறகு நீ இருக்குற வரைக்கும் கடையும் நெலமும் உனக்கு. உனக்கப்புறம் ரெண்டையும் அந்தப் பொம்பளப்புள்ளைக காலேஜுக்கு எழுதி வச்சிருவோமா? ஏழைப் புள்ளைக ரெண்டு பேரு வருஷா வருஷம் படிக்கட்டும்."

முத்துமாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மகள் செத்து மூன்று வருஷமாக அந்த வீட்டில் இப்படி ஒரு நல்ல பேச்சு எழுந்ததே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எழுதுங்க, மகராசனா எழுதுங்க. அவ பேருலயே எழுதுங்க. மார்க்குப் பத்தாம, சீட்டுக் கெடைக்காம ஏங்கிப்போன புள்ள. அவ பேரச் சொல்லி நாலு புள்ளைக போகட்டும்."

காசிராஜன் கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வலிதான் திரும்ப வந்துவிட்டதோ என்று அவள் எழுந்து பக்கத்தில் ஓடினாள். அவர் அவள் கையைத் தள்ளிவிட்டார்.

"சீட்டுக் கெடைச்சுச்சு, மாரி."

"என்னது?"

"இன்டர்வியூ கார்டு வந்துச்சு. கடைக்குத்தான் வந்துச்சு. நாந்தான் வாங்கினேன். அன்னைக்குத்தான் காரியாபட்டியில இருந்து பொண்ணு கேட்டு ஆள் வந்திருந்தாக. இனி மூணு வருஷம் பஸ்ஸுல அனுப்பி, நாலு பேரு நாலு விதமாப் பேசி… வேணாம்னு தோணிருச்சு. போகக்கூடாதுன்னு சொன்னா மல்லுக்கு நிப்பா. வரலைன்னு சொல்லிட்டா ரெண்டு நாளு அழுதுட்டு ஆறிப்போகும்னு நெனச்சேன். கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்."

பஸ் நெற்றியில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டும் ஊர் பேர் தெரியாத கிழவரிடம் வழி கேட்ட மகளின் முகம் முத்துமாரியின் கண் முன்னால் வந்தது. ஆறு வருஷம் தன்னை மக்கு என்று நம்பி வாழ்ந்து, அதையே நம்பிக்கொண்டு செத்தும் போயிருக்கிறாள்.

"சாகக் கெடந்தாளே, நாலு நாளு. அப்பவாச்சும் அவ காதுல சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

அவர் தலை குனிந்து அழுதார். அதற்கப்புறம் முத்துமாரி புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சோறு ஆக்கினாள், வேட்டி துவைத்துப் போட்டாள், வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. ஊரில் யாருக்கும் காரணம் தெரியாது. மகள் போன துக்கத்தில் அப்படி ஆகிவிட்டாள் என்றார்கள்.

மாசி மாதம் பத்திரம் எழுதுகிற சின்னத்துரை உயிலை எழுதிக்கொண்டு கடைக்கு வந்தார். படித்துக் காட்டியது உள்ளே அவளுக்குக் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும் என்றார் காசிராஜன்.

"காலேஜுல எடம் கெடைச்ச சேதிய அந்தப் புள்ள கையிலதான் கொடுக்கணும். அப்பன் ஆத்தா கையில கொடுக்கக் கூடாது. அப்படிச் செய்யிறதா இருந்தாத்தான் என் சொத்து அவுகளுக்கு."

சின்னத்துரை சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, இதையெல்லாம் உயில்ல எழுதுவாகளா? ரிஜிஸ்டர் ஆபீஸுல என்னையக் கேலி பண்ணுவாக."

"பண்ணட்டும். நீ எழுது."

"சரி, பாப்பா பேரை எப்படிப் போடட்டும்? காசிராஜன் மகள் அனுசியா நினைவாகன்னு போட்டுருவோமா?"

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவு திறந்தது. முத்துமாரி வாசற்படியில் நின்று சின்னத்துரையை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "பேரு எதுவும் வேணாம் தம்பி. அவுக பேருக்குப் பக்கத்துல எம்மக பேரு வர வேணாம்."

உயில் மகள் பெயர் இல்லாமலே பதிவானது. காசிராஜனின் அண்ணன் மகன் உதயகுமார் சேதி கேள்விப்பட்டு வந்து, "சித்தப்பாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு, நீங்களாச்சும் சொல்லுங்க சித்தி" என்று குதித்தான். "எழுதுனது எழுதுனதுதான். காப்பியக் குடிச்சிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பினாள். காசிராஜன் கல்லாவில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டார். அன்றைக்கு இரண்டு மூன்று தடவை ஏதோ சாக்கில் உள்ளே வந்துபோனார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

1994 ஐப்பசியில் அடைமழை. காசிராஜன் படுத்துவிட்டார். ஒரு சாயங்காலம் அவள் வெந்நீர் கொண்டுபோய் வாயருகே வைத்தபோது, அவர் அவளுடைய புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையத் திட்டவாச்சும் செய், மாரி."

திட்டத்தான் நினைத்தாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும், அழுதால் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார் என்று தோன்றியது. தலைப்பை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் விடிந்து வாசல் தெளித்துவிட்டு வந்து பார்த்தால், அவர் போயிருந்தார்.

கடையை வாடகைக்கு விட்டாள். நிலத்துக் குத்தகையில் ஒருத்தியின் வயிற்றுப்பாடு தாராளமாகக் கழிந்தது. தான் சாகிற வரைக்கும் அந்தப் பிள்ளைகள் எதற்குக் காத்துக்கிடக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. 1995 ஜூனில் டவுன் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள். நிலம் மட்டும் தன் காலம் வரை தனக்கு இருக்கட்டும், கடையில் என் உரிமையை விட்டுக்கொடுத்து இப்போதே விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துவிடுகிறேன் என்று முதல்வரம்மாவிடம் சொன்னாள். மகளைப் பற்றியும் சொன்னாள். கார்டைப் பற்றி வெளி ஆளிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"உங்க மக என்னம்மா படிக்க ஆசைப்பட்டாங்க? அதே பாடம் எடுத்த பிள்ளைகளுக்கே இந்தப் பணத்தைக் கொடுப்போம். அதுதானே முறை?"

முத்துமாரிக்கு அது தெரியாது. காலேஜு, காலேஜு என்றுதான் மகள் சொல்லியிருக்கிறாள். என்ன படிக்கப் போகிறாய் என்று பெற்றவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டாலும் தனக்கென்ன புரியப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

"நாளைக்கு வந்து சொல்றேன்மா" என்று எழுந்தாள்.

நேரே முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனாள். முத்துப்பேச்சிக்கு இப்போது மூன்று பிள்ளைகள். யோசித்து யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணாத்தான் பாரம் வாங்கினோம் அத்தை. அவ என்ன எழுதினான்னு நெனப்பில்லையே. கணக்கா, வரலாறா… வெளங்கலையே." பள்ளிக்கூடத்து டீச்சர் மாற்றலாகி எங்கோ போயிருந்தார். மாரிச்செல்வத்துக்குக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட சேதியே தெரியாது.

கார்டைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, கிழித்துப்போட்ட மனுஷர் ஒருத்தருக்குத்தான் தெரியும். மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த காசிராஜன் படத்துக்கு முன்னால் நின்றாள். "என்ன படிக்கப் போட்டிருந்தா அவ? சொல்லுங்க" என்று வாய்விட்டுக் கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, மகளுக்கும் புருஷனுக்கும் சேர்த்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் சொன்னபடி கல்லூரிக்குப் போனாள். வராந்தாவில் புதிதாகச் சேர வந்த பெண்கள் கார்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். அவர்கள் பக்கம் திரும்பாமல் சுவரோரமாகவே நடந்து முதல்வர் அறைக்குள் போனாள். எந்தப் பாடமானாலும் சரி, இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றாள்.

"நல்லதும்மா. வாசல்ல ஒரு கல்வெட்டு வைக்கலாம்னு நிர்வாகத்துல சொல்றாங்க. இப்பவாச்சும் மக பேரைப் போட்டுக்கிடலாமே?"

முத்துமாரி தலையாட்டி மறுத்தாள்.

"வேணாம்மா. பேரைப் போட்டா, யாரு இந்தப் புள்ள, இங்க என்ன படிச்சான்னு பாக்குறவுக கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல?"

அந்த வருஷம் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். ஒருத்தி குமாரலிங்கபுரத்துக்காரி, இன்னொருத்தி திருச்சுழிப் பக்கம். பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.