மூன்றாம் பேஸுக்குப் பின்னால் இருந்தவர்

கோணேஸ்வரன் அண்ணைக்கு பேஸ்போல் விதிகள் இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆனால் கனடாவில், ஸ்காபரோவில் உள்ள எங்கள் சின்ன மைதானத்தில் அவர் இல்லாமல் ஓர் ஆட்டமும் தொடங்காது. கிழமை நாட்களில் உள்ளூர் லீக் அணி, சனியில் கல்லூரி அணி, ஞாயிறில் பெண்கள் அணி. யார் வந்தாலும் செம்மண்ணை நிரவி, தண்ணீர் அடித்து, வெள்ளைக் கோடு போடுவது அவர்தான். பதினான்கு வருடத்தில் ஒரு கோடும் கோணியதில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஞாயிறுகளில் அவருடைய மனைவி தவமலர் அக்காவும் வருவார். மைதானத்து மூலையில் உள்ள மூன்றாம் பேஸுக்குப் பின்னால், பார்வையாளர் ஐந்தாம் வரிசையில் இருப்பார். அண்ணை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். நான் மைதானத்துக் கன்ரீனில் தின்பண்டம் விற்பவள், எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன யூலையில் அக்கா மாரடைப்பில் போய்விட்டார். ஏழாம் நாள் அண்ணை கன்ரீனுக்கு வந்தார். முகத்தில் அழுத அடையாளமே இல்லை.

"நிரூபா, நாளைக்கு எட்டாம் நாள் படையல். அவவுக்கு விருப்பமானதைப் படைக்கவேணும். என்ன சமைக்கிறதெண்டு மகள் கேக்கிறாள். எனக்குத் தெரியேல்லை."

"முப்பது வருசம் உங்களோடை சாப்பிட்டவ, அண்ணை."

"ஓம். எனக்குச் சமைச்சதைத்தான் சாப்பிட்டவ. எனக்கு உள்ளுக்குள்ளை எல்லாம் மரத்துப்போச்சு, நிரூபா. ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை."

எனக்குக் கோபம் வந்தது. அண்ணைக்கு வயிற்றுப்புண் வந்த நாள்முதல் அந்த வீட்டுக் கறியில் உறைப்பே கிடையாது.

"நாச்சோஸ்" என்றேன், நான் விற்கும் சோளச் சிப்ஸ் பெட்டியைக் காட்டி. "பச்சைமிளகாய் ரெண்டு மடங்கு. ஒவ்வொரு ஞாயிறும். 'அவருக்குச் சொல்லிப்போடாதை, வீட்டிலையும் உறைப்பாச் சமை எண்டு நிப்பார், பிறகு தானும் சாப்பிட்டு வயிறெரியும்' எண்டு சிரிப்பா."

"இஞ்சையோ? எனக்குப் பின்னாலையோ?"

"ஓம் அண்ணை."

மறுநாள் டோர்செட் பார்க் பகுதியில் அவர்களுடைய வீட்டில், வாழையிலையில் மீன்குழம்புக்கும் வடைக்கும் நடுவே நான் கொண்டுபோன நாச்சோஸ் பெட்டி இருந்தது. படைத்து முடிந்ததும் அண்ணை அதை மடியில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"அப்பா, வயித்துப்புண்ணுக்குக் கூடாது" என்றாள் மகள் கோபிகா.

"அம்மா எத்தினை வருசம் உறைப்பில்லாமல் சாப்பிட்டவ" என்றார் அவர். ஒரு மிளகாயையும் விடவில்லை. இப்போதாவது அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை.

அடுத்த ஞாயிறு பெண்கள் அணிக்குக் கோடு போட வந்தார். மூன்றாம் பேஸ் கோட்டின் பாதியில் நின்று, திரும்பி, ஐந்தாம் வரிசையைப் பார்த்தார். அங்கே யாரும் இருக்கவில்லை. பிறகு மீதிக் கோட்டையும் போட்டு முடித்தார். கோடு நேராகத்தான் இருந்தது.